தெளிந்த நீருக்கே குளோரின் மாத்திரை
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கோவைப் புறநகரில், பாதாளச் சாக்கடை வசதி இன்னும் எட்டாத பகுதியில், 12 வீடுகள் கொண்ட எங்கள் அடுக்ககம் உள்ளது. ஏறத்தாழ 50 பேர் வசிக்கிறோம். காற்றேற்ற முறையில் இயங்கும் சிறிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைப்பு ஒன்று இருக்கிறது. அதன் தெளிதொட்டியிலிருந்து வழியும் நீர் தரைக்கடித் தொட்டியில் சேர்ந்து, அங்கிருந்து மோட்டார் மூலம் தோட்டத்துக்குப் போகிறது. இதுவரை காவலாளி நாள்தோறும் காலையில் ஒரு குவளை ஹைப்போ திரவத்தை (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) தொட்டியில் ஊற்றிவந்தார். ஊற்றினாரா, மறந்தாரா என்பது அவருக்கே சில நாள் தெரியாது. ஆகவே, நான்கு குழல்கள் கொண்ட மாத்திரைக் குளோரினேட்டர் ஒன்றைச் சங்கச் செலவில் வாங்கிவிட்டோம். இதை எங்கே, எப்படிப் பொருத்த வேண்டும்? நீச்சல் குளத்துக்குப் போடும் மாத்திரைகள் கடையில் எளிதாகக் கிடைக்கின்றன, அவற்றையே போட்டுக்கொள்ளலாம் என்று பிளம்பர் சொல்கிறார். அது சரியா?
– அடுக்ககச் சங்கச் செயலாளர், கோவை

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்றவற்றில் தவறினால் நீர்தான் சரியாகச் சுத்தமாகாது, இதில் தவறினால் ஆளுக்கே ஆபத்து. நீச்சல் குளத்து மாத்திரையை இந்தக் கருவியில் போடவே கூடாது.

கடையில் கிடைக்கும் குளத்து மாத்திரைகளில் பெரும்பாலானவை ட்ரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலம் என்ற வேதிப்பொருளால் ஆனவை. இவற்றைச் சுருக்கமாக டி.சி.சி.ஏ. என்பார்கள். எப்போதும் நீரில் மூழ்கி, நாள்கணக்கில் மெல்லக் கரைவதற்காகவே அவை செய்யப்படுகின்றன. உங்கள் குளோரினேட்டரிலோ நிலைமை வேறு. காலையில் எல்லோரும் குளிக்கும்போது நீர் பாயும், பிற்பகலில் சொட்டும், இரவில் நின்றுபோகும். இப்படி நனைந்தும் காய்ந்தும் மூடிய குழலுக்குள் இருக்கும் டி.சி.சி.ஏ. மாத்திரையிலிருந்து நைட்ரஜன் ட்ரைகுளோரைடு என்ற வாயு உருவாகித் தேங்கக்கூடும். அது வெடிக்கும் தன்மை உடையது. கழிவுநீருக்கான மாத்திரை கால்சியம் ஹைப்போகுளோரைட்டால் ஆனது. அதில் பயன்படக்கூடிய குளோரின் 65 முதல் 70 சதவீதம் வரை இருக்கும். டி.சி.சி.ஏ.யில் ஏறத்தாழ 90 சதவீதம் இருப்பதைக் காட்டி, அதுவே வீரியம் மிக்கது, விலைக்கும் கட்டுப்படியாகும் என்று கடைக்காரர் வாதிடுவார். வீரியம் அதிகம் என்பது உண்மை, ஆனால் அது இந்தக் கருவிக்குப் பொருந்தாது. பெட்டியின் மீது கால்சியம் ஹைப்போகுளோரைட் என்ற பெயரும், கழிவுநீர்க் கிருமிநீக்கத்துக்கு உரியது என்ற குறிப்பும் இருக்கின்றனவா என்று நீங்களே படித்துப் பார்த்து வாங்குங்கள். யாரேனும் ஏற்கெனவே ஒரு குழலில் குளத்து மாத்திரையைப் போட்டுவிட்டிருந்தால், அதன்மேல் சரியான மாத்திரையை அடுக்கிவிடாதீர்கள். இவ்விரண்டும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் தீப்பிடிக்கவும் வெடிக்கவும் கூடும். அந்தக் குழலைத் தனியே எடுத்து, மிச்சம் ஏதுமின்றிக் கழுவி உலர்த்திய பிறகே மீண்டும் பயன்படுத்த வேண்டும்.

இனி, கருவிக்கு வருவோம். அமெரிக்காவின் டெக்சாஸ், லூசியானா போன்ற மாநிலங்களில், தனி வீடுகளின் காற்றேற்ற அமைப்புகளோடு இது பரவலாகப் பொருத்தப்படுகிறது. நம் ஊர் அடுக்ககங்களில் ஹைப்போ திரவத்தைச் சிறு பம்ப் மூலம் செலுத்துவதே வழக்கம். அந்த முறையில் பம்ப் அடைத்துக்கொள்ளும், மின்சாரம் போகும், கோடை வெயிலில் கேனுக்குள்ளேயே திரவம் வீரியம் இழக்கும். மாத்திரைக் கருவிக்கு மின்சாரமும் வேண்டாம், அசையும் உறுப்பும் கிடையாது. நீர் அதிகம் வந்தால் மட்டம் உயர்ந்து மாத்திரையின் கூடுதல் பரப்பு நனைகிறது, கரைவதும் கூடுகிறது. நீர் குறைந்தால் கரைவதும் குறைகிறது. இவ்வளவுதான் அதன் சூட்சுமம். இந்தச் சூட்சுமம் பலிக்க வேண்டுமானால், வரும் நீர் தெளிவாகவும் கருவி மட்டமாகவும் இருக்க வேண்டும், கருவியைத் தாண்டிய நீர் ஓரிடத்தில் தங்கவும் வேண்டும்.

தெளிவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் புதிதாகக் குளோரினேட்டர் வாங்கும் சங்கங்கள் பெரும்பாலும் சுத்திகரிப்பு அமைப்பின் கோளாற்றை மாத்திரையால் மறைத்துவிடலாம் என்றுதான் எண்ணுகின்றன. குளோரினுக்கு நல்ல பொருள், கெட்ட பொருள் என்ற பேதம் தெரியாது. நீரில் மிதக்கும் சேற்றுத் துகள், கரைந்த கரிமப்பொருள், அம்மோனியா, நைட்ரைட் என எது எதிர்ப்பட்டாலும் அதனோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும், மிஞ்சியதுதான் கிருமியிடம் போகும். துகளுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியை அந்த மிச்சமும் எட்டாது. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தெளிதொட்டி நீரைப் பிடித்து, அதன் பின்னால் செய்தித்தாளை வைத்துப் பாருங்கள். எழுத்துகளைச் சிரமமின்றிப் படிக்க முடியவில்லை என்றால், மாத்திரைப் பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே வைத்துவிட்டு, காற்றூதியையும் சேறு திரும்பச் செல்லும் குழாயையும் முதலில் கவனியுங்கள். இது ஆய்வுக்கூடச் சோதனைக்கு மாற்று அல்ல, ஆனால் நாள்தோறும் செய்யக்கூடியது. ஆய்வுக்கூட அறிக்கையில், மிதக்கும் திண்மங்கள் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழ் இருப்பது நல்லது.

கருவி அமைய வேண்டிய இடம், தெளிதொட்டியின் வெளிவாய்க்கும் சேகரிப்புத் தொட்டிக்கும் நடுவில், நீர் தானாக வழிந்தோடும் குழாயில்தான். மோட்டார் அழுத்தத்தில் ஓடும் குழாயில் இந்த வகைக் கருவியை இணைக்கக் கூடாது. உங்கள் அமைப்பில் மணல் வடிகட்டியோ கரி வடிகட்டியோ இருந்தால் அவற்றுக்குப் பின்னால்தான் குளோரின் சேர வேண்டும். கரி வடிகட்டிக்கு முன்னால் குளோரினைச் சேர்த்துவிட்டு, வெளிவரும் நீரில் குளோரினே காட்டவில்லை என்று வியந்துகொண்டிருந்த ஒரு குடியிருப்பை நான் பார்த்திருக்கிறேன். குளோரினைப் பிடித்து நீக்குவது கரியின் இயல்பு, அது தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

குழியைத் தோண்டியதும் அடியை நன்றாகக் கெட்டித்து, மெல்லிய கான்கிரீட் படுகை போட்டு, அது இறுகிய பின் கருவியை வைத்து நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் ரசமட்டம் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், அந்தப் பக்கக் குழலின் மாத்திரைகள் வேகமாகக் கரையும், மறுபக்கத்தில் உள்ளவை நீரைத் தொடாமல் உலர்ந்து கிடக்கும். நீர் செல்லும் திசையைக் காட்டும் அம்புக்குறி கருவியின் உடலிலேயே இருக்கும். பிளம்பர்கள் அதைப் பார்ப்பதில்லை, எனவே நீங்கள் பாருங்கள். வெளிக்குழாய் தொடர்ந்து சரிவாக இறங்க வேண்டும். அடுத்துள்ள தொட்டி நிரம்பி நிற்கும்போதும் அதன் நீர்மட்டம் கருவியின் அடித்தளத்துக்குக் கீழேயே இருக்கும்படி உயரங்களை முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள். இதுதான் அதிகம் தவறும் இடம். தோட்ட மோட்டார் ஒரு நாள் ஓடாமல் தொட்டி நிரம்பினால், நீர் பின்னோக்கி ஏறி மாத்திரை அடுக்கை முழுவதும் ஊறவைத்துவிடும். இரண்டு வாரத்துக்கு வர வேண்டிய மாத்திரைகள் இரண்டே நாளில் கூழாகும். சுற்றிலும் மண்ணுக்குப் பதிலாக மணலை நிரப்புங்கள். குழல்கள் செங்குத்தாக நின்று, மூடிகள் தரைக்கு மேலே கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும். கார் ஏறும் பாதையிலோ, மூடிய அறையிலோ, மின்பலகைக்கு அருகிலோ அமைக்காதீர்கள். மூடியைத் திறக்கும்போது வெளிவரும் ஆவி, இரும்பையும் செம்பையும் சில மாதங்களில் அரித்துவிடும்.

அடுத்தது, தங்கும் நேரம். குளோரின் பட்டவுடன் கிருமி இறந்துவிடுவதில்லை. நீர் மிக அதிகமாக வரும் வேளையில்கூட அரை மணி நேரமாவது குளோரினோடு சேர்ந்து இருக்க வேண்டும் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு நாளைக்கு 135 லிட்டர் நீர், அதில் 80 சதவீதம் கழிவுநீராக வெளியேறும் என்று கொண்டால், தலைக்கு 108 லிட்டர் ஆகிறது. 50 பேருக்கு 5,400 லிட்டர். மணிக்குச் சராசரி 225 லிட்டர், காலை நேரத்து உச்சம் அதைப்போல மூன்று மடங்கு என்றால் 675 லிட்டர். அதில் அரை மணி நேரத்துக்கு ஏறத்தாழ 340 லிட்டர் கொள்ளளவு வேண்டும். வெறும் தொட்டியில் நீர் ஒரு வாயில் நுழைந்து நேராக மறு வாய் வழியே ஓடிவிடும் என்பதால், 500 லிட்டர் அளவில் ஒரு சிறிய தொட்டி கட்டி, நடுவில் இரண்டு தடுப்புச் சுவர்கள் வைத்து நீரை வளைந்து வளைந்து போகச் செய்யுங்கள். தனித் தொட்டிக்கு இடமில்லையென்றால், இருக்கும் சேகரிப்புத் தொட்டிக்குள்ளேயே தடுப்பு எழுப்பலாம். மோட்டார் உறிஞ்சும் இடமும் நீர் விழும் இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பதே அதில் முக்கியம்.

மாத்திரைச் செலவையும் இதே கணக்கில் பார்த்துவிடலாம். தொடக்கத்தில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் குளோரின் தேவை என்று வைத்துக்கொண்டால், 5,400 லிட்டருக்கு 54 கிராம். 65 சதவீத வீரியமுள்ள மாத்திரையில் அதற்கு 83 கிராம் கரைய வேண்டும், அதாவது மாதத்துக்குச் சுமார் இரண்டரைக் கிலோ. ஒரு மாத்திரை 140 கிராம் எடையுள்ளது என்றால், ஏழு மாத்திரைகள் ஏறத்தாழ 12 நாள் வரும். நடைமுறையில் இதைவிட மிக வேகமாகவோ மிக மெதுவாகவோ தீர்ந்தால், கருவியின் மட்டத்தையும் நீரோட்டத்தையும் சந்தேகியுங்கள்.

முதல் நாளே நான்கு குழல்களையும் நிரப்ப வேண்டாம். ஒரு குழலில் மூன்று நான்கு மாத்திரைகளை மட்டும் இட்டு, மூன்று நாள் கழித்துத் தங்குதொட்டியின் வெளிவாயில் எஞ்சிய குளோரினை அளந்து பாருங்கள். மொத்தக் குளோரின் (தனியாக இருப்பதும் அம்மோனியாவோடு சேர்ந்திருப்பதும்) லிட்டருக்கு 1 மில்லிகிராமை ஒட்டி இருந்தால் அதுவே போதும். குறைந்தால் இரண்டாவது குழலைச் சேருங்கள். பெரும்பாலும் நான்காவது குழலுக்கு வேலையே வராது. அளவு சீரான பிறகு, ஆய்வுக்கூடத்தில் மலக்கோலிஃபார்ம் (மலத்திலிருந்து வரும் பாக்டீரியா) சோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். நன்றாக இயங்கும் அமைப்பின் தெளிந்த நீரிலும்கூட 100 மில்லிலிட்டருக்கு லட்சக்கணக்கில் அவை இருக்கும். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சுத்திகரிப்பு நிலையங்களுக்கென 2017-இல் வெளியிட்ட அறிவிக்கை, அதை 1,000-க்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறது. தோட்டத்தில் குழந்தைகள் விளையாடுவார்கள் என்றால், அதற்கும் வெகு கீழே கொண்டுவரப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளி விடுதியிலும் இதே கருவிதான். மாத்திரை தவறாமல் கரைகிறது, ஆனால் குளோரினை நிறத்தால் காட்டும் டி.பி.டி. சோதனையில் இளஞ்சிவப்பு நிறம் வருவதே இல்லை. கருவி பழுதா?
– விடுதிக் காப்பாளர், திண்டுக்கல்

பதில்: கருவி பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. எதை அளக்கிறீர்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். கழிவுநீரில் அம்மோனியா இருக்கும். குளோரின் அதோடு சேர்ந்து குளோரமைனாக மாறிவிடும். டி.பி.டி. சோதனையின் முதல் மாத்திரை, எதனோடும் சேராத கட்டற்ற குளோரினை மட்டுமே காட்டும். குளோரமைனைக் காண, பொட்டாசியம் அயோடைடு கலந்த அடுத்த மாத்திரையையும் அதே குப்பியில் இட்டு இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். அப்போது நிறம் தோன்றினால், உங்களிடம் இருப்பது கூட்டுக் குளோரின். அதுவும் கிருமியைக் கொல்லும், ஆனால் மெதுவாகக் கொல்லும், அதனால்தான் தங்கும் நேரம் இவ்வளவு முக்கியமாகிறது. அம்மோனியா முழுவதையும் வென்று கட்டற்ற குளோரினைக் கொண்டுவர முயன்றால், ஒரு பங்கு அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏட்டுக் கணக்கிலேயே 7.6 பங்கு குளோரின் வேண்டும். லிட்டருக்கு 20 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் இருக்கும் நீரில் அது 150 மில்லிகிராமைத் தாண்டும். ஒரு விடுதிக்கு அது வீண் செலவு. மொத்தக் குளோரினை அளவாகக் கொண்டு, தங்கும் நேரத்தை நீட்டுவதே சரியான வழி.

இரண்டாவது மாத்திரைக்கும் நிறம் வரவில்லையென்றால், நேர்மாறான ஒரு காரணத்தையும் சோதித்துவிடுங்கள். குளோரின் மிக மிக அதிகமாக இருந்தால், அது டி.பி.டி. சாயத்தையே வெளுத்துவிடும். சோதனையில் பூஜ்யம் என்று தோன்றும். நிறம் ஒரு கணம் மின்னி மறைந்தால் அதுவே அறிகுறி. மாதிரி நீர் ஒரு பங்குக்குக் குளோரின் இல்லாத நல்ல நீர் ஒன்பது பங்கு சேர்த்து மீண்டும் சோதித்து, வரும் அளவைப் பத்தால் பெருக்குங்கள். பூஜ்யம் என்று நம்பி மேலும் மேலும் மாத்திரை போட்டு, புல்தரையைக் கருக்கிக்கொண்டவர்கள் உண்டு. குழாய்நீரில் நகராட்சிக் குளோரின் இருக்கும் என்பதால், கலக்குவதற்குக் கிணற்று நீரோ வாலைவடி நீரோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டுமே இல்லை, நிஜமாகவே குளோரின் தீர்ந்துபோகிறது என்றால், குறை கருவிக்கு முன்னால், சுத்திகரிப்பு அமைப்பில் இருக்கிறது. காற்றேற்றம் போதாமல் அம்மோனியா பாதி வழியில் நைட்ரைட்டாக நின்றுவிட்டால், அந்த நைட்ரைட்டில் உள்ள நைட்ரஜன் ஒவ்வொரு பங்கும் ஐந்து பங்கு குளோரினை விழுங்கும். காற்றூதி இரவில் நிறுத்தப்படுகிறதா என்று விசாரியுங்கள். மின் கட்டணத்தை மிச்சப்படுத்த நிறுத்துவதும், அந்த மிச்சத்தை மாத்திரைக்குச் செலவழிப்பதும் பல விடுதிகளில் நடக்கிறது.

கேள்வி: மழைக்காலத்தில் மாத்திரைகள் உப்பிக் குழலுக்குள் இறுகிக்கொள்கின்றன. மேலே அடுக்கு நிறைந்திருக்கிறது, கீழே நீர் மாத்திரையைத் தொடாமல் போகிறது. கம்பியால் இடித்துத் தள்ளலாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: இடிக்காதீர்கள். உடையும் மாத்திரையின் தூள் கண்ணிலும் மூச்சிலும் போகும். துருவும் எண்ணெயும் படிந்த கம்பியென்றால் ஆபத்து இன்னும் கூடுதல், ஏனெனில் இந்த மாத்திரை எண்ணெய், டீசல், பிரேக் ஆயில் போன்றவற்றோடு சேர்ந்தால் தானாகவே தீப்பற்றக்கூடும். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்று உங்கள் முதுகுப்புறமிருந்து வீசும்படி நின்று, குழலை முழுதாக உருவி எடுத்து ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளி நீரில் செங்குத்தாக நிறுத்தினால், இறுகியது தளர்ந்து இறங்கிவிடும். அந்த வாளி நீரைச் சாக்கடையிலோ செடியிலோ ஊற்றாமல், தங்குதொட்டியிலேயே சிறிது சிறிதாகச் சேர்த்துவிடுங்கள்.

கடலோர ஊர்களின் ஈரக்காற்றே இதற்கு முதற்காரணம். மூடி தளர்ந்திருந்தால் மேல் அடுக்கு ஈரத்தை இழுத்து உப்பும். மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றுங்கள், ஒரு குழலில் பத்து நாளைக்குத் தேவையானதை மட்டும் அடுக்குங்கள். அரிசிச் சாக்கைப் போல ஓராண்டுக்கு வாங்கிச் சேர்த்துவைக்கும் பொருள் அல்ல இது. சேமிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை: பல குடியிருப்புகளில் ஜெனரேட்டர் அறையின் ஒரே அலமாரியில் டீசல் கேன், கழிவறை ஆசிட், யூரியா மூட்டை, குளோரின் மாத்திரை எல்லாம் சேர்ந்து இருப்பதைப் பார்க்கிறேன். ஆசிட் சிந்தி மாத்திரையில் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், டீசல் பட்டால் தீ. மாத்திரை வாளிக்கு உலர்ந்த, காற்றோட்டமுள்ள, வெயில் படாத தனியிடம் ஒன்று கட்டாயம் வேண்டும்.

கேள்வி: செப்டிக் டேங்கிலேயே மாத்திரையைப் போட்டுவிட்டால் தனிக் கருவி எதற்கு?
– வாசகி, ஆம்பூர்

பதில்: செப்டிக் டேங்கில் கழிவைச் செரிப்பதே பாக்டீரியாதான். அங்கே குளோரினைப் போட்டால், வேலை செய்பவர்களையே விரட்டிவிடுவீர்கள். அங்குள்ள சேற்றின் அளவுக்கு முன்னால் மாத்திரை நிற்கவும் நிற்காது. போடாதீர்கள்.

கேள்வி: குளோரின் சேர்த்த நீரைக் கீரைப் பாத்திக்கும், வீட்டருகே உள்ள மீன் குட்டைக்கும் விடலாமா?
– வாசகர், திருவையாறு

பதில்: இரண்டுக்கும் வேண்டாம் என்பேன், ஆனால் காரணங்கள் வேறு வேறு. குளோரின் பாக்டீரியாவை நன்றாகவும் பெரும்பாலான வைரஸ்களை ஓரளவுக்கும் கட்டுப்படுத்துகிறது. உருண்டைப்புழுவின் முட்டைகளும், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியமும் நாம் இங்கே பயன்படுத்தும் அளவுக்கு அசைந்துகொடுப்பதில்லை. கீரையும் கொத்தமல்லியும் மண்ணை ஒட்டி வளர்பவை, கொத்தமல்லியை நாம் பச்சையாகவே தூவுகிறோம். அந்த நீரைத் தென்னை, வாழை, பூச்செடி ஆகியவற்றின் வேரடியில் விடுங்கள், தெளிப்பானால் இறைக்காதீர்கள்.

மீனுக்கோ குளோரினே நஞ்சு. லிட்டருக்கு 0.02 மில்லிகிராம் அளவுகூடப் பல நன்னீர் உயிர்களுக்குத் தாங்காது. நீங்கள் விட நினைக்கும் நீரில் அதைப்போல 50 மடங்கு இருக்கும். வெயிலில் ஒரு நாள் திறந்துவைத்தால் போய்விடும் என்று சொல்வார்கள். அது கட்டற்ற குளோரினுக்குத்தான் பெரும்பாலும் பொருந்தும், குளோரமைன் அவ்வளவு எளிதில் போகாது. நீர் வழிந்தோடிக் குட்டையில் சேர்வதைத் தவிர்க்கவே முடியாத இடங்களில், தங்குதொட்டிக்குப் பின்னால் இதேபோன்ற இன்னொரு கருவியை வைத்து அதில் சோடியம் சல்ஃபைட் மாத்திரை இடுவது உண்டு. ஒரு கிராம் குளோரினைப் போக்க ஏறத்தாழ 1.8 கிராம் சோடியம் சல்ஃபைட் தேவைப்படும். அப்படி அமைக்கும்போது இரண்டு கருவிகளின் மூடிகளுக்கும் வெவ்வேறு நிறம் பூசி, மாத்திரை வாளிகளையும் வெவ்வேறு அறைகளில் வையுங்கள். சல்ஃபைட்டும் ஹைப்போகுளோரைட்டும் நேரடியாகச் சேர்ந்தால் கடும் வெப்பத்துடன் வினைபுரியும். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரியான வெள்ளை வில்லைகள் என்பதால், விடுப்பில் போன ஆளுக்குப் பதிலாக வருபவர் மாற்றிப் போட்டுவிட வாய்ப்பு நிறைய உண்டு.